கடன் வாங்கிய நாட்கள்

வசந்த ருது என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது மாந்தளிர், குயில், தென்றல், மன்மதனுடைய கரும்பு வில் என்று காவியங்கள் பரம்பரையாக நமக்குப் பழக்கித் தந்திருக்கும் சௌம்யமான காட்சியே. பங்குனி பிறந்தால் வெயில் ஏறும், சித்திரையில் இன்னும் ஏறும். ஏறிய வெயில் திடீரென்று இறங்கி மார்கழிக் குளிராக மாறிவிடுமோ என்ற பயம் காவிரிக் கரையில் எந்தக் குடியானவனுக்கும் இருந்ததில்லை. ஆனால் ஐரோப்பாவிலும், மேற்காசியாவிலும், ஜப்பானிலும், வட அமெரிக்காவிலும் மண்ணை நம்பிப் பிழைத்தவர்களுக்கு ஆண்டின் நான்கு பருவங்களில் அதிகமான கவலையைத் தந்தது பனிக்காலம் அன்று, அதை அடுத்து வரும் வசந்தமே. பனிக்காலம் தன் குணத்தை மறைப்பதில்லை. அதற்கு வேண்டிய விறகும் வைக்கோலும் முன்னமே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். மரங்களும் இலையை உதிர்த்துச் சாற்றை அடக்கிக்கொண்டு எந்தக் குளிரையும் தாங்க ஆயத்தமாக நிற்கும். வசந்தமோ சில நாள் இளவெயில் காய்ந்து, சாற்றை மேலேற்றி, மொட்டை அவிழ்த்து, ஆட்டுக்குட்டிகளை வெளியே வரவழைத்துவிட்டு, எதிர்பாராத ஓரிரவில் உறைபனியைக் கொண்டு வந்து இறக்கும். ஓராண்டின் திராட்சையும் பழமும் அந்த ஓரிரவிலேயே கருகிப்போகும்.

இப்படித் திரும்பி வரும் குளிரை அந்நாட்டு ஜனங்கள் பெயரற்ற விபத்தாக விட்டுவிடவில்லை. அதற்கு நாள் குறித்தார்கள். அந்நாட்களுக்கு ஒரு கிழவியையோ, ஒரு பறவையையோ, மூன்று நான்கு புனிதர்களையோ அதிபதியாக வைத்தார்கள். அந்த நாட்கள் கழிந்த பின்பே நாற்று வைப்பது, கம்பளியைக் கழற்றுவது என்று வழக்கமும் வகுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வழக்கத்தின் சரித்திரத்தில் மிகச் சுவையான பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டிமார் சொன்னது மெய்யா என்று பார்க்கப் புகுந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்காட்லாந்தில் மார்ச்சு மாதத்தின் கடைசி மூன்று நாட்களுக்குக் கடன் நாட்கள் என்று பெயர். மார்ச்சு ஒரு குன்றின்மேல் மூன்று இளம் ஆடுகளைக் கண்டதாம். அவற்றைக் கொல்லத் தன் நாட்கள் போதாமையால் ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் கேட்டதாம். முதல் நாள் காற்றும் மழையும், இரண்டாம் நாள் வெண்பனியும், மூன்றாம் நாள் பறவைகளின் கால் கிளையோடு ஒட்டிக்கொள்ளும்படியான உறைபனியும் அனுப்பியதாம். அப்படியும் ஆடுகள் மூன்றும் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தன என்று கதை முடிகிறது. 1549-ஆம் ஆண்டை ஒட்டி வெளியான 'ஸ்காட்லாந்தின் முறையீடு' என்னும் வசன நூலிலேயே இக்கடன் நாட்கள் யாவரும் அறிந்த விஷயமாகப் பிரஸ்தாபிக்கப்படுவதால், கதை அதற்கும் முற்பட்டதென்பது வெளிப்படை. இத்தாலியில் கடன்காரன் வேறு: அங்கே ஜனவரி, பிப்ரவரியிடம் நாள் வாங்குகிறது. மெர்லா என்னும் கருநிறப் பறவையொன்று, மாதக் கடைசியில் சற்றே வெயில் கண்டவுடன் குளிர் ஒழிந்தது என்று கர்வங்கொண்டு கூவ, அதைத் தண்டிப்பதற்காகவே குளிர் திரும்பிற்று என்பர். ஜனவரியின் கடைசி மூன்று நாட்கள் இன்றும் அப்பறவையின் பெயரால் வழங்குகின்றன. தாந்தே தம் மகா காவியத்தின் இரண்டாம் பகுதியில், சொந்த ஊரார் போரில் தோற்றதைக் கண்டு மகிழ்ந்த சியன்னா நகரத்துச் சீமாட்டி ஒருத்தியை, கடவுளையே எதிர்த்துக் கூவியவளாகக் காட்டுமிடத்தில் இப்பறவையைத்தான் அவளுக்கு உவமையாக்குகிறார். விளக்கம் ஏதும் சேர்க்காமல் ஒரு சொல்லால் அவர் தொட்டுச் செல்வதிலிருந்து, 14-ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் குழந்தைகளுக்கெல்லாம் அக்கதை தெரிந்திருந்தது என்று ஊகிக்கலாம்.

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரைக்குச் சென்றால் பறவை மறைந்து கிழவி வருகிறாள். லெபனான் மலைநாட்டுக் கதையில், பிப்ரவரி முடியும் தறுவாயில் தன் ஆடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்ட கிழவி அம்மாதத்தை ஏளனம் செய்கிறாள். அது மார்ச்சை நோக்கி, "சிற்றப்பன் மகனே, உன்னிடத்தில் மூன்று நாள், என்னிடத்தில் நான்கு நாள், இருவரும் சேர்ந்து இவளை ஒரு கை பார்ப்போம்" என்கிறது. ஏழு நாளும் மழை கொட்டி, பெருகிய காட்டாறு அவளை ஆட்டோடும் நூற்புக் கழியோடும் அடித்துக்கொண்டு போகிறது. கிரேக்க நாட்டுக் கதையிலும் ஏளனம் செய்பவள் கிழவியே. அங்கே கடன் கொடுத்தது பிப்ரவரியாம், கொடுத்ததைத் திரும்பப் பெறாததாலேயே அம்மாதம் குறைப்பட்டு நிற்கிறதாம். பாரசீகர் தங்கள் புத்தாண்டுக்கு முந்திய சில நாட்களைக் கிழவியின் குளிர் என்பர். துருக்கியரிடமும் அதே பெயர் உண்டு. ருமேனியாவின் தோகியாக் கிழவியோ மார்ச்சு முதல் தேதியில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறுகிறாள். ஒன்பது ஆட்டுத்தோல் மேலங்கிகளை நாளொன்றாகக் கழற்றி எறிகிறாள். கடைசி அங்கி கழன்றவுடன் உறைபனி வந்து அவளையும் மந்தையையும் கல்லாக்கிவிடுகிறது. அந்தக் கல் இதுவென்று சேயக்லௌ மலையில் காட்டுகிறார்கள். அந்த ஒன்பது நாட்களில் ஒன்றைப் பெண்கள் முன்கூட்டியே தங்களுக்கென்று தெரிந்தெடுத்துக்கொண்டு, அன்றைய வானம் எப்படியோ அப்படியே தங்கள் ஆண்டும் இருக்கும் என்று பலன் பார்ப்பதும் உண்டு.

இக்கதைகளில் எழுத்தாதாரம் மிகப் பழமையானது அராபியருடையது. நம் தேசத்தைப் பற்றிய பெருநூலால் நமக்கு நன்கு அறிமுகமான அல்பிரூனி, இந்தியாவைக் காணும் முன்னரே, கி.பி. 1000-ஐ ஒட்டி, பல ஜாதியாருடைய ஆண்டுக்கணக்குகளையும் திருநாட்களையும் ஆராய்ந்து ஒரு நூல் செய்தார். அதில் பிப்ரவரி 26-இல் தொடங்கும் ஏழு நாட்கள் 'கிழவியின் நாட்கள்' என்று சொல்லப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தரப்பட்டிருக்கிறது. கடைசி நாளின் பெயர் தணலை அவிப்பது என்று பொருள்படும். வெயிலை நம்பி மேலாடையைக் களைந்து குளிரில் மாண்டவள் ஒருத்தி என்ற கதையையும், காற்றால் அழிக்கப்பட்ட ஆத் கூட்டத்தாரோடு இந்நாட்களைச் சேர்த்துச் சொல்லும் கதையையும் அவர் பாரபட்சமின்றி எடுத்துக்கூறுகிறார்.

இத்தனை தேசத்தாரும் ஏன் ஒரு கிழவியையே, அதுவும் ஆடு வளர்க்கும் ஏழைக் கிழவியையே, இப்பழிக்கு ஆளாக்கினார்கள்? வயோதிகத்தின் பிடிவாதத்தைப் பரிகசிப்பதே நோக்கம் என்று சிலர் கூறுவது எனக்கு உடன்பாடன்று. புல்லை உலர்த்திப் பரணில் சேர்த்து வைப்பவன் நிலமுள்ளவன்; நிலமில்லாதவளின் தீவனம் பிப்ரவரியிலேயே தீர்ந்துபோகும். அதன்பின் அவள் வெயிலை நம்பினாலும் நம்பாவிட்டாலும் மந்தையை ஓட்டிக்கொண்டு வெளியே போயே ஆகவேண்டும். கதை அவளைக் கர்வியாக்கிவிட்டது. அவளை மலையேற்றியது காலித் தீவனப் பரண்.

ரோமாபுரியில் விவகாரம் கதையளவில் நில்லாமல் அரசாங்கத் திருவிழாவாகவே நடந்தது. ஏப்ரல் 25-ஆம் தேதி, தானியப் பயிரைத் துருநோய் பற்றாதிருக்கும்பொருட்டு, ரொபிகோ என்னும் தெய்வத்துக்குப் புரோகிதர் நாயைப் பலியிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு திராட்சைமதுத் திருநாள், மூன்று நாள் பின்பு பூத்தேவியின் திருநாள். பயிர் இளசாக இருக்கையில் வானம் கெடுதல் செய்யக்கூடிய காலத்தைக் கருதியே முன்னோர் இத்திருநாட்களை நிறுவினர் என்று முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதுகிறார். உறைபனி வரும் என்று அஞ்சும் இரவில் திராட்சைத் தோட்டத்தில் சருகையும் பதரையும் களையையும் குவித்து எரித்துப் புகை எழுப்பும்படி அவரே யோசனையும் சொல்கிறார். பலிகள் நின்று பல நூற்றாண்டுகள் ஆயின. நெருப்பு மட்டும் நிற்கவில்லை. பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்தில் ஏப்ரல் இரவுகளில் கொடிகளின் நடுவே வரிசை வரிசையாகத் தீ ஏற்றும் வழக்கம் இன்றும் உண்டு. மூட்டத்தைக் காட்டிலும் தீயின் வெப்பமே அதிக உதவி செய்கிறது என்பது இப்போதைய முடிவு.

ரோமானியத் தெய்வங்கள் விலகிய இடத்தில் கிறிஸ்தவப் புனிதர்கள் வந்து அமர்ந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாடு, போலந்து, ஹங்கேரி ஆகிய மத்திய ஐரோப்பிய தேசங்களில் மே மாதம் 12, 13, 14-ஆம் தேதிகளுக்கு உரியவர்களான பங்கிராஸ், செர்வாட்டியுஸ், போனிபாசியுஸ் மூவரும் 'பனிப் புனிதர்கள்' எனப்படுகின்றனர். வடக்கே இவர்களுக்கு முன்னால் 11-ஆம் தேதியின் மாமெர்ட்டுஸும், தெற்கே இவர்களுக்குப் பின்னால் 15-ஆம் தேதியின் 'குளிர்ச் சோபியா'வும் சேர்வதுண்டு. பங்கிராஸ் பதினான்கு வயதில் உயிர்த்தியாகம் செய்ததாகப் போற்றப்படும் பாலகர். செர்வாட்டியுஸ் நான்காம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜிய நாட்டுத் தொங்கரனில் மேற்றிராணியாராக இருந்தவர். இவர்களுடைய சரித்திரத்தில் பனியும் இல்லை, தோட்டமும் இல்லை. திருநாள் அந்தத் தேதியில் விழுந்ததே இவர்கள் செய்த குற்றம். போலந்துக்காரர் இவர்களைக் 'குளிர்ந்த தோட்டக்காரர்கள்' என்று சற்று அன்போடு அழைக்கிறார்கள். தக்காளி, அவரை முதலிய இளநாற்றுகளைச் சோபியா கழிவதற்கு முன் வெளியே நடலாகாது என்பது அங்கெல்லாம் கிட்டத்தட்ட சாஸ்திரம்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அதைச் சாவதானமாகப் பார்ப்பது தகும். 1582-இல் போப்பு பதின்மூன்றாம் கிரிகோரி பஞ்சாங்கத்தைத் திருத்தி, அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று விதித்தபோது பத்து நாட்கள் ஒரே இரவில் மறைந்தன. புனிதர்களின் திருநாட்கள் பெயரளவில் அதே தேதிகளில் நின்றாலும், சூரியனை வைத்துப் பார்த்தால் முன்னைக்குப் பத்து நாள் முன்பாக வந்துவிட்டன. பழமொழிகள் பிறந்தது திருத்தத்துக்கு முன்பானால், அவை எச்சரித்தது நாம் இப்போது மே 21 முதல் 25 வரை என்று சொல்லும் நாட்களையே. பனியோ கட்டளைக்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தோட்டக்காரர்கள் தவறான நாட்களையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூறுவோர் உண்டு. எண்ணியும் தோட்டங்கள் அழிந்துவிடவில்லை என்று பதில் சொல்வோரும் உண்டு.

ஜப்பானியர் இந்தச் சங்கடத்தை வெகு சாமர்த்தியமாகத் தீர்த்தார்கள். அவர்களுடைய பழைய பஞ்சாங்கத்தில் மாதங்கள் சந்திரனைப் பின்பற்றியதால், ஒரே தேதி ஓராண்டில் குளிரிலும் மற்றோராண்டில் அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளியும் விழக்கூடும்; அந்தத் தேதியை நம்பித் தேயிலைத் தோட்டத்தைக் காக்க இயலாது. எனவே சூரியனை ஒட்டிய வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்பத்தெட்டு இரவுகள் எண்ணி, அந்த எண்பத்தெட்டாம் இரவு, அதாவது மே 2-ஆம் தேதியளவில், உறைபனி விடைபெறுகிறது என்று கொண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே பஞ்சாங்கங்களில் இது ஏறிவிட்டது. அன்று கிள்ளிய தேயிலைக்குத் தனி மதிப்பும் ஏற்பட்டது. நம்முடைய பஞ்சாங்கம் சந்திரனால் தடுமாறுவதில்லையாயினும் வேறு வகையில் நகர்ந்துகொண்டிருக்கிறது: நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்ட நம் வருஷம் பருவங்களின் வருஷத்தைவிடச் சுமார் இருபது நிமிஷம் நீளமாகையால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை முதல் தேதி விஷுவத்தைவிட்டு விலகி, இப்போது மார்ச்சு 21-க்கும் ஏப்ரல் 14-க்கும் இடையே 24 நாள் இடைவெளி விழுந்திருக்கிறது. மேகநாத சாஹாவின் தலைமையில் அமைந்த குழு இதைத் திருத்த முயன்று, 1957 மார்ச்சு 22 முதல் தேசியப் பஞ்சாங்கமும் அமலுக்கு வந்தது. ஆனால் அக்னி நட்சத்திரம் சூரியன் கார்த்திகையை நெருங்கும் பழைய கணக்கின்படியே நடந்து வருகிறது.

பிரான்சில் குற்றவாளி புனிதர் அல்லர், சந்திரன். ஈஸ்டருக்குப் பின் ஏப்ரலில் பிறந்து, அம்மாதக் கடைசியிலோ மே மாதத்திலோ பூரணமாகும் நிலவைச் 'செந்நிலவு' என்று சொல்லி, அது இளந்தளிர்களின்மேல் காய்ந்து அவற்றைச் சிவக்கக் கருக்கிவிடுகிறது என்று தோட்டக்காரர்கள் நம்பினர். ஒரு நாள் பதினெட்டாம் லூயி மன்னர், தம்மைக் காண வந்த வானசாஸ்திரச் சபையாரைப் பார்த்து, செந்நிலவு என்பது யாது, பயிரின்மேல் அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டார். கேள்வி லாப்லாஸை நோக்கி எழுந்தது. சந்திரனுடைய கதியைக் கணித நுட்பத்தால் யாரும் செய்யாத அளவு நிர்ணயித்த அந்த மகாமேதை செந்நிலவைப் பற்றி ஒரு நாளும் சிந்தித்ததில்லை, சகாக்களின் முகங்களைப் பார்த்தார், உதவி கிடைக்கவில்லை, வானசாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லித் தலைவணங்கினார். மன்னர் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததும், மனம் புண்பட்ட லாப்லாஸ் வானாராய்ச்சி நிலையத்துக்கு வந்து விசாரித்ததும், விசாரிக்கப்பட்டவராகிய அராகோ எழுதியதனாலேயே நமக்குத் தெரிகின்றன.

அராகோ செய்தது மிகச் சாதாரணமானது: தோட்டக்காரர்களைப் போய்க் கேட்டார். நிலவு வெளிச்சமாக இருக்கும் இரவில்தான் தளிர் கருகும், மேகம் மூடினால் கருகாது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, லண்டனில் வைத்தியம் செய்துவந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் பனித்துளியைப் பற்றி வெளியிட்ட நூலோடு பொருத்திப் பார்த்தார். வெல்ஸ் தெளிந்த இரவுகளில் எடையிட்ட கம்பளிக் கற்றைகளை வெளியில் வைத்து, எவ்வளவு பனி ஏறிற்று என்று நிறுத்தவர். பூமியின்மேல் உள்ள பொருள்கள் இரவில் தங்கள் உஷ்ணத்தை வானத்தை நோக்கி வீசிவிடுவதால் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகின்றன, அக்குளிர்ச்சியே காற்றிலுள்ள ஈரத்தைத் துளியாக்குகிறது என்று நிலைநாட்டியவர். புல்தரைக்குச் சற்று மேலே நான்கு குச்சிகளில் ஒரு மெல்லிய கைக்குட்டையைக் கட்டினால், அதன் கீழுள்ள புல் வெளியிலுள்ள புல்லைவிட வெதுவெதுப்பாகவே இருந்தது. செடியின்மேல் ஒரு மெல்லிய பாயை விரித்துவிட்டுக் குளிரைத் தடுத்ததாக நினைக்கும் தோட்டக்காரர்களை முன்பு தாம் பரிகசித்ததுண்டு என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் நம் பெரியவர்கள், பனி மேலிருந்து இறங்குகிறது என்பதில் தவறினாலும், தலைக்கும் வானத்துக்கும் இடையே ஒரு துணி வேண்டும் என்பதில் வெல்ஸோடு ஒத்தே போகிறார்கள். பிரெஞ்சுத் தோட்டக்காரர் கண்டதும் அவ்வளவே: நிலவு தெரிந்தால் வானம் தெளிந்திருக்கிறது, தெளிந்திருந்தால் உஷ்ணம் போய்விடுகிறது. அவர்கள் சாட்சியைக் குற்றவாளியாகப் பிடித்துவிட்டார்கள்.

பனிப் புனிதர்களின் வழக்கு இவ்வளவு எளிதில் முடியவில்லை. 1840-ஐ ஒட்டி அடால்ப் எர்மான் என்னும் பெர்லின் அறிஞர், ஆகஸ்டிலும் நவம்பரிலும் நாம் காணும் எரிநட்சத்திரக் கூட்டங்கள், ஆறு மாதம் கழித்துப் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் சூரியனுக்கும் பூமிக்கும் குறுக்கே வந்து, சூரியனுடைய உஷ்ணத்தைத் தடுக்கின்றன என்று ஒரு கம்பீரமான கொள்கையை வெளியிட்டார். கொள்கையின் அழகைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் ஹைன்ரிக் டோவே என்பவர் பல தேசங்களின் வெப்பக் கணக்குகளை ஒப்பிட்டு, ஜெர்மனியில் குளிரும் அதே நாளில் வேறிடங்களில் வழக்கத்துக்கு மேல் வெப்பமாக இருப்பதைக் காட்டினார். சூரியனை மறைத்தால் உலகம் முழுவதும் அல்லவா குளிரவேண்டும்? 1883-இல் வில்ஹெல்ம் பான் பெசோல்ட், மே மாதத்தில் ஹங்கேரியின் சமவெளியும் பால்கன் நாடுகளும் விரைந்து சூடேற, அங்கே காற்றழுத்தம் தாழ்ந்து, அந்தத் தாழ்வு வடகடலின் குளிர்ந்த காற்றை ஜெர்மனியின் மேலாக இழுக்கிறது என்று விளக்கினார். வெப்பமே குளிரைக் கூப்பிடுகிறது என்ற இந்த முடிவு எனக்கு எரிநட்சத்திரத்தைவிட ஆச்சரியமானதாகத் தோன்றுகிறது.

ஜெர்மனி உறைபனிக்கு அஞ்சும் அதே நாட்களில், ஆல்ப்ஸ் மலையின் வடசரிவில் அஞ்சவேண்டியது இதற்கு நேர்மாறானது. 1861 மே 10 இரவு சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரத்தில் ஒரு தீ மூண்டது. அன்று போயன் வீசிக்கொண்டிருந்தது: மலையின் தென்புறத்திலிருந்து சிகரங்களைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் பாயும் அந்த உலர்ந்த வெங்காற்று சில மணி நேரத்தில் பனியை உருக்கி, மரக்கூரைகளைச் சருகாகக் காய்ச்சிவிடும். விடிவதற்குள் சுமார் 600 கட்டடங்கள் சாம்பலாயின. மே 12-இல் பங்கிராஸின் பனியை எதிர்பார்த்து வடக்கே நாற்றுகளை மூடிக்கொண்டிருந்த வேளையில், இங்கே நகரத்தின் பெரும்பகுதி வீடற்று நின்றது. போயன் வீசும்போது தெருவில் தீக்காவலர் சுற்றுவதும், புகை பிடிப்பதைத் தடை செய்வதும் அப்பள்ளத்தாக்குகளில் பழைய சட்டம். அக்காற்று சஹாராவிலிருந்து வருகிறது என்றே சுவிஸ் அறிஞர்கள் எண்ணினர். புனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு தெளிவாகச் சிந்தித்த டோவே, இல்லை, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வருகிறது என்று வாதாடினார். 1866-இல் ஆஸ்திரியரான யூலியுஸ் ஹான், காற்று எங்கிருந்து வந்தாலும் மலையிலிருந்து இறங்கும்போது அழுத்தப்பட்டு நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தானாகவே சூடேறும் என்று காட்டி, இரண்டு நெடும் யாத்திரைகளையும் அனாவசியமாக்கினார்.

வசந்தம் ஏன் நிலைகொள்வதில்லை என்பதற்குப் பொதுவான காரணம் முதல் உலகப் போருக்குப் பின் நார்வேயின் பெர்கன் நகரில் துலங்கிற்று. வில்ஹெல்ம் பியர்க்னஸும் அவர் புதல்வர் யாக்கோபும், துருவக் காற்றும் வெப்பக் காற்றும் ஒன்றோடொன்று எளிதில் கலவாமல், ஓர் எல்லை வகுத்துக்கொண்டு மோதுகின்றன என்று கண்டு, அந்த எல்லைக்கு அக்காலத்திய யுத்தச் செய்திகளில் அடிபட்ட போர்முனை என்னும் பெயரையே இட்டார்கள். வசந்தத்தில் சூரியன் உயர்ந்து நிலத்தைச் சூடேற்றுகிறது. துருவமோ இன்னும் பனிக்காலத்தின் முழுச் சேமிப்போடு இருக்கிறது. கடல், நிலத்தைவிடத் தாமதித்துக் குளிர்வதால், மார்ச்சு அளவில்தான் மிகக் குளிர்ந்திருக்கிறது. எல்லைக்கோடு வடக்கும் தெற்குமாக ஊசலாடும்போது, அதன் கீழுள்ள ஊர் வாரத்துக்கு இரண்டு பருவம் காண்கிறது. ஆனால் அவ்வூசலாட்டம் எத்தனை கொடியதாக இருக்கும் என்பதை நிர்ணயிப்பது அந்தந்த நாட்டின் மலையும் கடலுமே.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் குறுக்கே படுத்திருக்கிறது. வட அமெரிக்காவில் மலைகள் வடக்குத் தெற்காக ஓடுவதால், கனடாவின் குளிருக்கும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரவெப்பத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை. 1888 மார்ச்சு 10-ஆம் தேதி நியூயார்க்கில் இதமான வெயில், மறுநாள் மழை, நள்ளிரவுக்குள் அது பனிப்புயலாகி மூன்று நாள் வீசிக் கிழக்குக் கரையில் சுமார் 400 பேரைக் கொன்றது. தலைக்குமேல் ஓடிய தந்திக் கம்பிகளை மண்ணுக்கடியில் இறக்க அந்நகரத்தார் தீவிரமானது அதற்குப் பின்பே. 1925 மார்ச்சு 18-இல் மிசௌரி, இல்லினாய், இந்தியானா மூன்று ராஜ்யங்களை மூன்றரை மணி நேரத்தில் கடந்த ஒரே சுழற்காற்று 695 உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய தேசத்தில் குடியேறியவர்கள் புனிதர்களை நம்பவில்லை, பூக்களைப் பார்த்தார்கள். அப்பலாச்சிய மலைப் பகுதியில் டாக்வுட் மரம் பூக்கும்போது வரும் குளிருக்கு டாக்வுட் குளிர் என்றும், அதன் பின் பிளாக்பெர்ரிப் புதர் பூக்கும்போது வருவதற்குப் பிளாக்பெர்ரிக் குளிர் என்றும் பெயர் வழங்கிற்று. எந்தப் போப்பு எந்தப் பஞ்சாங்கத்தைத் திருத்தினாலும் பூ தன் காலத்தில் பூக்குமாதலால், இம்முறையே எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது என்பேன். கொரியரோ பூக்களின் மேல் பொறாமை கொண்டு வரும் குளிர் என்று, அதே உண்மையை மனித குணமாக்கிச் சொல்கிறார்கள். தென் அரைக்கோளத்தில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம் காணும் மெல்போர்னில், உள்நாட்டுப் பாலைக்காற்று ஓய்ந்து தென்கடற்காற்று புகும்போது வெப்பம் சில நிமிஷங்களில் பத்து டிகிரிக்கு மேல் விழுவதுண்டு. ஆனால் குடியேறி இரு நூற்றாண்டுகூட ஆகாத அந்நகரத்தார் அதற்கு இன்னும் ஒரு கிழவியைக் கற்பிக்கவில்லை.

ஜப்பானின் கடலோரத்தில் பெயர் வேறு விதமாகப் பிறந்தது. 1859 மார்ச்சு 17 அன்று இக்கித் தீவின் மீனவர் தென்திசையிலிருந்து எழுந்த புயலில் அகப்பட்டு 53 பேர் மாண்டனர். வசந்தத்தின் முதல் தென்காற்றை 'வசந்தத்தின் முதலாவது' என்று அவ்வூரார் அச்சத்தோடு சொல்லிவந்த பெயர், பின்னர் நாடெங்கும் பரவி, இப்போது வானிலை இலாகாவின் அறிவிப்பிலும் இடம்பெறுகிறது. கேட்பவர்களோ அதைக் குளிர் தொலைந்த நற்செய்தியாகவே கொண்டாடுகிறார்கள்.

இத்தனை கணக்கும் கொள்கையும் எழுந்த பின்னரும் பழைய அச்சம் ஏன் அடங்கவில்லை என்பதற்கு 1956-ஆம் ஆண்டு பிராவென்ஸில் நடந்ததே போதும். அவ்வாண்டு ஜனவரி இதமாக இருந்தது. ஒலிவ மரங்களில் சாறு ஏறத் தொடங்கிற்று. பிப்ரவரி பிறந்தவுடன் வடக்கிலிருந்து வந்த கடுங்குளிர் மாதம் முழுவதும் நின்று, ஏறிய சாற்றை மரத்துக்குள்ளேயே உறையச் செய்தது. பட்டை வெடித்து லட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அடிமரத்தை வெட்டி வேரிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்டவர்கள் சிலர். ஒலிவத்தையே கைவிட்டுத் திராட்சைக்கு மாறியவர்கள் பலர். ஜனவரி சற்றுக் கொடியதாக இருந்திருந்தால் அவற்றில் அநேகம் தப்பியிருக்கும்.

பிரிட்டனில் இவ்விஷயம் சட்டமன்றம் வரைக்கும் வந்து சேர்ந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து ஸ்காட்லாந்து வானிலைச் சங்கத்தின் காரியதரிசியான அலெக்ஸாந்தர் பக்கன், 1860-களில் தம் நாட்டு வெப்பப் பதிவுகளை ஆராய்ந்து, ஆண்டின் போக்கில் ஆறு குளிர் இடைவேளைகளும் மூன்று வெப்ப இடைவேளைகளும் தோன்றுவதாகத் தேதியோடு எழுதினார். அவற்றுள் மே 9 முதல் 14 வரை என்று அவர் குறித்தது பனிப் புனிதர்களோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. வேறொன்று ஏப்ரல் 11 முதல் 14 வரை. ஸ்காட்லாந்தின் சில ஆண்டுக் கணக்கை வைத்துத் தாம் எழுதியதை எல்லா நாட்டுக்கும் எல்லா ஆண்டுக்கும் உரிய விதியாக அவர் சொல்லவில்லை. பத்திரிகைகள்தாம் அப்படி ஆக்கின. சந்திரனைப் பின்பற்றி மார்ச்சு 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அலையும் ஈஸ்டரை ஒரு வாரத்துக்குள் நிறுத்தினால் விடுமுறைக்கும் வியாபாரத்துக்கும் சௌகரியம் என்று கருதிய பாராளுமன்றம், 1928-இல் ஏப்ரலின் இரண்டாம் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்று சட்டம் செய்தது. அந்த ஞாயிறு எந்த ஆண்டிலும் 9-க்கும் 15-க்கும் இடையே விழும். அதாவது பக்கனுடைய குளிரின் மத்தியில், விடுமுறைக்காரர்கள் கடற்கரையில் நடுங்கும்படியாக. இரு சபைகளும் மறுபடி ஒரு தீர்மானம் செய்தால்தான் சட்டம் அமலுக்கு வரும் என்று அதிலேயே விதித்திருந்தார்கள். அந்தத் தீர்மானம் இதுவரை கொண்டுவரப்படவில்லை. சட்டம் ரத்தாகவும் இல்லை.